புளிப்பில் நிலைக்கும், சோடாவில் சிதையும்: வைட்டமின் பி1 பற்றி ஓர் எளிய விளக்கம்

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் பொன்னி பச்சரிசியும் பொன்னி புழுங்கலரிசியும் பக்கத்துப் பக்கத்து மூட்டைகளில் இருக்கும். நெல் ரகம் ஒன்றுதான். பாகூர்ப் பக்கமோ காட்டுமன்னார்கோயில் பக்கமோ ஒரே வயலில் விளைந்ததாகக்கூட இருக்கலாம். இரண்டையும் தவிடு போகத் தீட்டித்தான் விற்கிறார்கள். ஆனால் 100 கிராம் பச்சரிசியில் வைட்டமின் பி1 சுமார் 0.05 மில்லிகிராம்தான் இருக்கும், புழுங்கலரிசியில் 0.17 முதல் 0.2 வரை இருக்கும். மூன்று நான்கு மடங்கு வித்தியாசம். நெல்லை ஊறவைத்து ஆவி காட்டியதைத் தவிர அந்தப் புழுங்கலுக்கு யாரும் எதையும் கூடுதலாகச் சேர்க்கவில்லை.

இது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், சுண்டலில் ஏன் சோடா போடக் கூடாது, மீன் குழம்பு ஏன் பச்சை மீனைவிட நல்லது, கடற்கரை ஊரில் மாத்திரைச் சீசாவை ஏன் திறந்து வைக்கக் கூடாது என்பதெல்லாம் தானாகவே விளங்கிவிடும். எல்லாவற்றுக்கும் விடை ஒரே மூலக்கூறின் வடிவத்தில் இருக்கிறது. அதன் பெயர் தயமின்; வைட்டமின் பி1 என்பது அதுதான்.

இரண்டு வளையம், நடுவில் ஒரு கார்பன்

ஒரு தாளில் அறுகோணம் ஒன்று வரையுங்கள். ஆறு முனைகளில் நான்கில் கார்பன், இரண்டில் நைட்ரஜன். இது பிரிமிடின் வளையம். கொஞ்சம் இடம் விட்டு ஓர் ஐங்கோணம் வரையுங்கள். மூன்று முனைகளில் கார்பன், ஒன்றில் நைட்ரஜன், ஒன்றில் கந்தகம். இது தயசோல் வளையம். இந்த இரண்டையும் ஒரே ஒரு கார்பன் பாலம் போல இணைக்கிறது. பாலத்தின் ஒரு முனை அறுகோணத்தின் கார்பனில், மறுமுனை ஐங்கோணத்தின் நைட்ரஜனில். ஓரங்களில் தொங்கும் சிறு தொகுதிகளையும் சேர்த்தால் மொத்தம் 12 கார்பன், 17 ஹைட்ரஜன், 4 நைட்ரஜன், ஓர் ஆக்சிஜன், ஒரு கந்தகம். அவ்வளவுதான் தயமின்.

படத்தில் அந்த ஐங்கோணத்து நைட்ரஜனை வட்டமிட்டுக்கொள்ளுங்கள். நைட்ரஜன் வழக்கமாக மூன்று பிணைப்புகளோடு நிற்கும். இங்கே நான்கு. அதனால் அதன்மேல் நேர் மின்சுமை ஏறியிருக்கிறது. தயமினின் நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் இந்த ஒரு புள்ளியிலிருந்துதான் கிளம்புகின்றன. மின்சுமை இருப்பதால் தண்ணீரில் சட்டென்று கரையும், எண்ணெயில் கரையாது. தனியாக நிற்க முடியாமல் ஓர் எதிர் அயனியோடு சேர்ந்து உப்பாகத்தான் இருக்கும். அந்த நைட்ரஜன் தன்னைச் சுற்றியுள்ள எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுப்பதால், அதை ஒட்டிய கார்பன்களில் இரண்டு பலவீனப்பட்டு நிற்கின்றன. ஒன்று அந்தப் பாலக் கார்பன். இன்னொன்று கந்தகத்துக்கும் நைட்ரஜனுக்கும் இடையில் மாட்டிக்கொண்டிருக்கும் வளையக் கார்பன். தயமின் உடைவது இந்த இரண்டு இடங்களில்தான். உடம்பில் அது வேலை செய்வதும் இரண்டாவது இடத்தில்தான்.

வேதியியலில் ‘தயோ’ என்றால் கந்தகம் உண்டு என்று அர்த்தம். அதோடு வைட்டமினின் வால் சேர்ந்து தயமின் ஆனது. 1926இல் ஜாவாவில் யான்சன், டோனாத் என்ற இருவர் அரிசித் தவிட்டிலிருந்து இதை முதன்முதலில் படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். ஆனால் அவர்கள் எழுதிய வாய்ப்பாட்டில் கந்தகத்தைத் தவறவிட்டிருந்தார்கள். வடிவத்தை முழுதாகக் கண்டுபிடித்து, 1936இல் ஆய்வுக்கூடத்திலேயே செய்தும் காட்டியவர் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற அமெரிக்க வேதியியலாளர். அவர் 1886இல் பிறந்தது நம்முடைய இதே சோழமண்டலக் கரையில், நெல்லூரில்.

கந்தகத்தை மூக்காலேயே அறியலாம். பி காம்ப்ளெக்ஸ் சீசாவைத் திறந்ததும் குப்பென்று அடிக்கும் ஈஸ்ட் போன்ற நெடியில் தயமினுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் மாத்திரை போட்ட பின் சிறுநீர் மஞ்சளாகப் போவது இதன் வேலை இல்லை. அது பி2, அதாவது ரைபோஃபிளேவின். தயமினுக்கு நிறம் கிடையாது, வெள்ளைத்தூள்.

சோடாவும் புளியும்

காரம், அமிலம் என்பதை பி.எச். அளவால் சொல்வார்கள். 7 நடுநிலை; அதற்குக் கீழே புளிப்பு, மேலே காரம். தயமின் மிகவும் நிம்மதியாக இருப்பது 2 முதல் 4 வரை. அந்தப் புளிப்பில் கொதிக்கவைத்தாலும் பெரிதாகக் குறையாது. 5, 6 என்று ஏற ஏறச் சூட்டுக்குத் தாக்குப்பிடிக்கும் திறன் குறைகிறது. 7ஐத் தாண்டிவிட்டால் அறை வெப்பத்திலேயே சிதையத் தொடங்கும். அடுப்பில் இருந்தால் கேட்கவே வேண்டாம். காரணம், காரக் கரைசலில் மிதக்கும் ஹைட்ராக்சைடு அயனி கந்தகத்துக்கும் நைட்ரஜனுக்கும் நடுவில் இருக்கும் பலவீனமான கார்பனைத் தாக்குகிறது, ஐங்கோணம் திறந்துகொள்கிறது. உடனே புளிப்பாக்கினால் வளையம் திரும்ப மூடிக்கொள்ளும். சூடும் சேர்ந்தால் திறந்த வளையம் மேலும் துண்டாகிவிடும். அதன்பின் அது வைட்டமின் இல்லை.

இப்போது சமையற்கட்டுக்கு வாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் கால் தேக்கரண்டி ஆப்பசோடா போட்டால் பி.எச். 8ஐத் தாண்டிவிடும். கொண்டைக்கடலையை அதில் அரைமணி நேரம் வேகவைப்பது தயமினை அழிப்பதற்கென்றே ஏற்பாடு செய்தது போல. சோடா எதற்குப் போடுகிறார்கள்? கடலை வேகவில்லை என்பதற்கு. ஏன் வேகவில்லை? கடலூர், புதுச்சேரிக் கரையோரத்தில் பல இடங்களில் போர் தண்ணீர் கடினமானது. அதிலுள்ள கால்சியம் கடலைத் தோலின் பெக்டினோடு சேர்ந்து அதை இறுக்கிவிடுகிறது. சோடா அதை இளக்குகிறது என்பது உண்மைதான். ஆனால் அதற்கு வேறு வழி இருக்கிறது: ஊறவைக்கவும் வேகவைக்கவும் குடிக்கிற கேன் தண்ணீரையே பயன்படுத்துங்கள், 8 முதல் 10 மணி நேரம் ஊறட்டும், உப்புப் போட்டுக் குக்கரில் வையுங்கள். அப்படியும் வேகவில்லை என்றால் கடலை பழசு. சோடாவைக் கூட்டாதீர்கள், கடையை மாற்றுங்கள்.

எதிர்ப்பக்கம் பாருங்கள். இட்லி மாவு புளித்து 4.5 பக்கத்தில் வந்து நிற்கும். ஆவியில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வேகும்போது உளுந்தின் தயமினுக்குப் பெரிய ஆபத்து இல்லை. மாவு பொங்கவில்லையே என்று கடைசி நேரத்தில் சோடா போட்டுக் கலக்கினால் அந்தப் பாதுகாப்பை நாமே கெடுத்துக்கொள்கிறோம். புளிக்குழம்பும் அப்படித்தான், தயமினுக்கு அது பாதுகாப்பான இடம். ஒரே ஒரு எச்சரிக்கை: பருப்பு வேகும் முன்பே புளியை ஊற்றிவிட்டால் பருப்பு இறுகி நின்றுவிடும். முதலில் பருப்பு வேகட்டும், பிறகு புளி.

பாலக் கார்பனை உடைக்கும் ஆள் வேறு: சல்ஃபைட். இறால் தலை கறுக்காமல் இருக்கச் சோடியம் மெட்டாபைசல்ஃபைட் கரைசலில் முக்குவது இறால் தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரிந்த விஷயம். அந்தச் சல்ஃபைட் தயமினின் பாலத்தில் நேராகப் போய் அடித்து, அறுகோணத்தையும் ஐங்கோணத்தையும் தனித்தனியாகப் பிரித்துவிடும். இங்கே புளிப்பும் காப்பாற்றாது. மிதமான அமிலத்தில், பி.எச். 5 பக்கத்தில், இது நன்றாகவே நடக்கும். இறாலை நாம் பி1க்காகச் சாப்பிடுவதில்லை, ஆகவே அங்கே நஷ்டம் சிறிது. இறைச்சியில் கலந்தால் நஷ்டம் பெரிது. அதனால்தான் அமெரிக்காவில் பி1 தரும் உணவாகக் கருதப்படும் எதிலும் சல்ஃபைட் சேர்க்க அனுமதி இல்லை. ஆஸ்திரேலியாவில் சல்ஃபைட் போட்ட இறைச்சியைத் தின்ற நாய்களும் பூனைகளும் பி1 குறைவால் நடை தடுமாறிப்போனது பதிவாகியிருக்கிறது.

புழுக்கும்போது நடப்பது

நெல்லில் தயமின் இருக்கும் இடம் பெரும்பாலும் வெளியோரம்: தவிட்டு அடுக்கும், முளையை ஒட்டிய பகுதியும். நடுவில் இருக்கும் வெள்ளை மாவுப்பகுதியில் மிகக் கொஞ்சம். பச்சை நெல்லைத் தீட்டினால் தவிட்டோடு தயமினும் போய்விடுகிறது. 100 கிராம் தவிட்டில் 2 மில்லிகிராமுக்கு மேலேயே இருக்கும். மாட்டுக்குப் போகிறது.

புழுக்கும்போது தண்ணீர் உமிக்குள் புகுந்து, வெளியோரத்துத் தயமினைக் கரைத்து, மணிக்குள்ளே கொண்டுபோகிறது. இந்த இடத்தில் அதன் கரையும் குணம் நமக்குச் சாதகம். பிறகு ஆவி காட்டும்போது உள்ளே இருக்கும் மாவு கூழாகி இறுகிக்கொள்கிறது. உள்ளே வந்த தயமின் அந்தக் கூழில் மாட்டிக்கொள்கிறது. காய்ந்ததும் மணி கண்ணாடிபோல் கெட்டியாகும். அதன்பின் தீட்டினாலும் தவிடுதான் போகும், உள்ளே போன தயமின் நிற்கும்.

செய்முறையில் தவறு வரும் இடங்கள் உண்டு. வெந்நீர் முறையில் 60 முதல் 70 டிகிரியில் மூன்று நான்கு மணி நேரம் ஊறினாலே நெல் ஏறத்தாழ 30 சதம் ஈரம் பிடித்துவிடும். பழைய முறைப்படி தொட்டியில் பச்சைத் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் கிடந்தால் நெல் நொதித்து நாற்றம் வரும், தயமினும் தொட்டித் தண்ணீருக்குள் வெளியேறும். அந்தத் தண்ணீரை வடிக்கும்போது அதுவும் போகும். ஆவியை அளவுக்கு மீறிக் கொடுத்தால் அரிசி பழுப்பேறும். அந்தச் சூட்டில் தயமினின் ஒரு பங்கு அழியவும் செய்யும். 13, 14 சதம் ஈரத்துக்குக் காயாமல் அரைத்தால் குருணை.

வீட்டுக்கு வந்த அரிசியிலும் கணக்கு தொடர்கிறது. தீட்டிய பச்சரிசியைக் களையும்போது இருக்கிற கொஞ்சத்திலும் நாலில் ஒன்று முதல் பாதிக்கு மேல்கூடக் கழுநீரில் போய்விடும். புழுங்கலில் போவது பத்தில் ஒரு பங்கு அளவுதான், ஏனென்றால் அது உள்ளே கட்டுண்டு கிடக்கிறது. கஞ்சியை வடித்துக் கொட்டினால் இன்னும் ஒரு பங்கு போகும். இரண்டு முறை களைந்தால் போதும். தண்ணீர் தெளியும்வரை கசக்க வேண்டியதில்லை. வடித்த கஞ்சியை ரசத்திலோ குழம்பிலோ சேர்த்துவிடலாம். பழைய சோற்றையும் நீராகாரத்தோடு சாப்பிட்டால்தான் கணக்குச் சரி. தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சோற்றை மட்டும் பிழிந்து தின்றால் கரைந்தது எல்லாம் வீண்.

செறிவூட்டிய அரிசியில் எல்லா பி வைட்டமினும் இருப்பதாகச் சிலர் நினைக்கிறார்கள். அதில் கட்டாயமாகச் சேர்ப்பது இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12. பி1 சேர்ப்பது விருப்பத்துக்கு விட்டது.

பச்சை மீனில் இருக்கும் கத்தரிக்கோல்

சில மீன்களிலும் சிப்பி வகைகளிலும் தயமினேஸ் என்ற நொதி இருக்கிறது. நெத்திலி இனத்திலும் கெண்டை இனத்திலும் இது உண்டு. சல்ஃபைட் போலவே இதுவும் பாலக் கார்பனில்தான் வெட்டுகிறது. 1930களில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் பண்ணை நரிகளுக்குப் பச்சைக் கெண்டை மீன் போட்டு, அவை பின்னங்கால் இழுத்துச் சாகத் தொடங்கியபோதுதான் இது வெளிச்சத்துக்கு வந்தது. நொதி என்பது புரதம், வெந்தால் செத்தது. நம் மீன் குழம்பில் கொதி நொதியைக் கொல்கிறது, புளி தயமினைக் காக்கிறது. ஆக, சாப்பிடும் நமக்குக் கவலை இல்லை. தேவனாம்பட்டினத்திலோ வீராம்பட்டினத்திலோ வீட்டில் வாத்தும் பூனையும் வளர்ப்பவர்கள் தினமும் பச்சை மீனை மட்டுமே போடாமல், ஒரு கொதி கொதிக்கவைத்துப் போடுவது நல்லது.

வெற்றிலைப் பாக்கிலும் கடும் தேநீரிலும் உள்ள டானின்களும் தயமினைக் கெடுக்கும். சாப்பிட்ட கையோடு பாக்கு மெல்வதையோ தேநீர் குடிப்பதையோ ஒரு மணி நேரம் தள்ளிப்போட்டால் போதும்.

உடம்பில் அதன் வேலை

சோறு குளுக்கோஸ் ஆகிறது, குளுக்கோஸ் உடைந்து பைருவேட் ஆகிறது. மூன்று கார்பன் கொண்ட இந்தப் பைருவேட்டிலிருந்து ஒரு கார்பனைக் கரியமில வாயுவாகக் கழற்றினால்தான் அடுத்த கட்டச் சக்தி கிடைக்கும். அதைக் கழற்றும் கருவி, இரண்டு பாஸ்பேட் ஏற்றிய தயமின். கந்தகத்துக்கும் நைட்ரஜனுக்கும் இடையில் மாட்டிய அந்தக் கார்பனில் உள்ள ஹைட்ரஜன் எளிதில் கழன்றுவிடும் என்று 1958இல் ரொனால்ட் பிரெஸ்லோ என்ற அமெரிக்க வேதியியலாளர் நிரூபித்தார். ஹைட்ரஜன் போனதும் அந்தக் கார்பன் பைருவேட்டைப் பிடித்துக்கொள்கிறது, கரியமில வாயு கழன்று வெளியேறுகிறது. காரத்தில் தயமின் உடைவதற்குக் காரணமான அதே பலவீனம்தான் இங்கே உயிர் கொடுக்கிறது.

எனவே மாவுச்சத்து எவ்வளவு தின்கிறோமோ அவ்வளவு தயமின் வேண்டும். 1000 கலோரிக்குச் சுமார் 0.5 மில்லிகிராம் என்பது பழைய வழிகாட்டிக் கணக்கு. 100 கிராம் அரிசியில் 350 கலோரி. அதை எரிக்க 0.17 மில்லிகிராம் வேண்டும். பச்சரிசியில் இருப்பது 0.05. அதாவது தீட்டிய பச்சரிசி தன்னை எரிக்கத் தேவையானதைக்கூடத் தருவதில்லை, பாக்கியைக் கூட்டும் பொரியலும்தான் தர வேண்டும். புழுங்கல் தன் கடனைத் தானே ஏறத்தாழக் கட்டிவிடுகிறது. ஆலையில் தீட்டிய பச்சரிசி பரவிய வட ஆந்திரக் கரையோரத்தில் பி1 குறைவால் வரும் பெரிபெரி நோய் இருந்ததும், புழுங்கல் தின்ற தமிழ்ப் பகுதிகள் தப்பியதும் இதனால்தான். குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் மெக்காரிசன், ஆய்க்ராய்டு என்ற ஆய்வாளர்கள் இதைத்தான் ஆராய்ந்தார்கள்.

பெரியவர்களுக்கு நாளைக்கு ஒன்று முதல் ஒன்றரை மில்லிகிராம் போதும். நம் கடலூர் மாவட்டத்துப் பயிர்களே அதற்கு உதவும். விருத்தாசலத்து நிலக்கடலையில் 100 கிராமுக்கு 0.6க்கு மேல், பண்ருட்டி முந்திரியில் 0.4 முதல் 0.6 வரை இருக்கிறது. ஒரு கைப்பிடி அவித்த கடலை என்பது சும்மா நொறுக்குத்தீனி இல்லை. உடம்பில் மொத்த இருப்பே 25, 30 மில்லிகிராம்தான். வரத்து நின்றால் இரண்டு மூன்று வாரத்தில் தீர்ந்துபோகும்.

இங்கே அழுத்திச் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. தினமும் குடிப்பவர்கள் சரியாகச் சாப்பிடுவதில்லை. சாப்பிட்டதிலும் தயமின் குடலில் ஏறாதபடி மது தடுக்கிறது. பாதத்தில் எரிச்சல், மரத்துப்போதல், குந்தி எழ முடியாமை என்று தொடங்கும். கண் அலைபாய்ந்து, நடை தள்ளாடி, பேச்சு குழம்பினால் ‘போதை இன்னும் இறங்கவில்லை’ என்று படுக்கவைத்துவிடாதீர்கள். வெர்னிக்கே எனப்படும் மூளைப் பாதிப்பாக இருக்கலாம், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மருத்துவர்கள் தயமின் ஊசியை குளுக்கோஸுக்கு முன்போ அதோடு சேர்த்தோ போடுவார்கள். தயமின் இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏறினால், மிச்சமிருக்கும் துளி தயமினையும் அது தின்றுவிடும். போகும்போதே ‘தினமும் குடிப்பவர்’ என்று சொல்லிவிடுங்கள், வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். பேறுகாலத்தில் வாரக்கணக்கில் வாந்தி எடுப்பவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு.

கண்ணால் பார்க்க

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் தயமினை நீல ஒளியாகப் பார்க்கலாம். 100 மில்லிகிராம் தனி தயமின் மாத்திரையைப் பொடித்து 100 மில்லி தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள். அதில் 1 மில்லியை எடுத்து மறுபடி 100 மில்லியாக்குங்கள். இந்த நீர்த்த கரைசலில் 5 மில்லியைச் சோதனைக்குழாயில் எடுங்கள். வேறொரு குடுவையில் 1 சதப் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு 1 மில்லியை 15 சதச் சோடியம் ஹைட்ராக்சைடால் 25 மில்லியாக்கி, அதில் 3 மில்லியைச் சோதனைக்குழாயில் ஊற்றுங்கள். உடனே 10 மில்லி ஐசோபியூட்டனால் சேர்த்து ஒன்றரை நிமிடம் குலுக்குங்கள். அடுக்கு பிரிந்ததும் இருட்டில் 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கைக் காட்டுங்கள். மேலடுக்கு நீலமாக ஒளிரும். தயமினின் இரண்டு வளையங்களுக்கு நடுவே மூன்றாவது வளையம் மூடி உண்டான தயோகுரோம் அது.

நீலம் வரவில்லையா? காரத்தை முதலில் ஊற்றிவிட்டு ஃபெர்ரிசயனைடைத் தேடிக்கொண்டிருந்தால், அதற்குள் வளையம் திறந்து பாதி போயிருக்கும். இரண்டையும் கலந்தே ஊற்ற வேண்டும். ஃபெர்ரிசயனைடு கூடிப்போனாலும் தயோகுரோம் மங்கும். வெயிலில் வைத்தாலும் மங்கும். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை எடுத்திருந்தால் ரைபோஃபிளேவினின் மஞ்சள் பச்சை ஒளி குறுக்கிடும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். ஃபெர்ரிசயனைடு மிச்சத்தை அமிலத்தோடு சேர்த்துச் சூடாக்கவே கூடாது, நச்சு வாயு வரும்.

மாத்திரைச் சீசா

கடையில் கிடைக்கும் தயமின் இரண்டு உப்பாக வரும். ஹைட்ரோகுளோரைடு ஏறத்தாழ 1 கிராம் 1 மில்லி தண்ணீரிலேயே கரையும், ஆகவே ஊசிக்கு அதுதான். ஆனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். மோனோநைட்ரேட் 100 மில்லியில் சுமார் 2.7 கிராம்தான் கரையும், ஈரத்தை அவ்வளவாக இழுக்காது. மாத்திரைக்கும் மாவுச் செறிவூட்டலுக்கும் அது ஏற்றது. ஒரே வேளையில் 5 மில்லிகிராமுக்கு மேல் விழுங்கினால் குடல் இழுத்துக்கொள்ளும் விகிதம் சரசரவென்று குறையும். மிச்சம் உள்ளே ஏறாமலோ சிறுநீரிலோ போய்விடும். 100 மில்லிகிராம் மாத்திரை மருத்துவர் சொன்னவர்களுக்குத்தான்.

கடலிலிருந்து நாலு தெரு தள்ளி வீடு என்றால் மாத்திரை அட்டையிலேயே இருக்கட்டும்; முன்கூட்டிப் பிரித்து டப்பாவில் போட்டு வைக்க வேண்டாம். சீசாவாக வாங்கினால் உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தைத் தூக்கி எறியாமல் விட்டுவைத்து, எடுத்தவுடன் மூடியை இறுக்குங்கள். அடுப்பு மேடைக்கு மேலே இருக்கும் அலமாரி வேண்டாம், ஆவியும் சூடும் ஒன்றாகச் சேரும் இடம் அது. மாத்திரை கசிந்து ஒட்டிக்கொண்டாலோ, வழக்கமான நெடி மாறிக் கந்தக வாடை தூக்கலாக அடித்தாலோ, தேதி மிச்சமிருந்தாலும் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக வாங்குங்கள்.